ஒலிக்கும் படத்துக்கும் ஒரே பெயர்

ஒரு பாட்டின் ஆடியோ ஒரு பக்கமும் வீடியோ ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடப்பது எனக்குப் பிடிக்காது சார். ஒரு பாட்டுக்கு ஒரு ஃபோல்டர். உள்ளே இரண்டும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். பலருக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. ஒரு செருப்பை வாசலிலும் இன்னொன்றைக் கட்டிலடியிலும் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை.

விசாரிக்கத் தமிழ் தெரிந்த அதிகாரி வந்தது எனக்கு வசதி. முப்பது வருஷமாக அந்தமானில் இருந்தும் என் இந்தி கடைத்தெரு இந்திதான். அதில் இதையெல்லாம் விளக்க முடியாது. நேற்று வந்து நின்றபடியே நாலு வார்த்தை சொன்னேன். இன்று உட்காரச் சொல்லியிருக்கிறீர்கள், முழுதாகச் சொல்கிறேன்.

என் பெயர் மத்தியாஸ். வயது ஐம்பத்து நான்கு. ஹட் பேயில் கப்பல் நிற்கிற ஜெட்டியிலிருந்து மார்க்கெட் போகிற வழியில் கடை. ஜெராக்ஸ், ரீசார்ஜ், கல்யாண வீடியோ, அப்புறம் மெமரி கார்டிலும் பென்டிரைவிலும் பாட்டு ஏற்றித் தருவது. நெட்தான் வந்துவிட்டதே, இன்னும் யார் கார்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று போர்ட் பிளேரில் இருக்கிற நீங்கள் கேட்கலாம். நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் இங்கே நெட் படுத்துவிடும். மீன்பிடிக்கப் போகிற டோங்கிகளுக்குக் கடலில் அதுவும் கிடையாது. அதனால் தமிழ், பெங்காலி, தெலுங்கு, ராஞ்சிக்காரர்களுக்கு நாக்புரி என்று பதினோராயிரம் பாட்டு என் லைப்ரரியில் இருக்கிறது. யார் எதைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு.

ஆனால் நான் பாட்டுக் கேட்பதில்லை. அடுக்குவதோடு சரி. போர்ட் பிளேரில், ஹேடோவில் இருந்த காலத்தில் கோயில் பாடற்குழுவில் நான்தான் முதல் குரல். ஜோஸ்லின் என்னைக் கட்டிக்கொண்டதே அந்தக் குரலுக்காகத்தான் என்று அவள் தம்பிகள் கேலி செய்வார்கள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு தைராய்டு ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு இருப்பது இந்தக் கரகரப்பு. உயிர் பிழைத்தாயே, சந்தோஷப்படு என்றார் டாக்டர். சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு விட்டதுதான், பிறகு ஒரு பாட்டையும் உட்கார்ந்து கேட்டதில்லை.

மூன்று வருஷம் முன்பு வரை ஆடியோ ஒரு ஹார்டு டிஸ்க்கிலும் வீடியோ இன்னொன்றிலும் இருந்தன. அதைச் சகிக்க முடியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கிற ஒரு சாஃப்ட்வேர் போட்டேன். பாட்டின் பெயரையும் நீளத்தையும் பார்த்து, இந்த ஆடியோ இந்த வீடியோவுக்கு உரியது என்று அதுவே ஜோடி சேர்க்கும். வீடியோவில் இருக்கிற பாடகர் பெயரையும் முகத்தையும் எடுத்து ஆடியோவின் மேலும் ஒட்டிவிடும். ஒவ்வொரு ஜோடிக்கும் சரியா என்று கேட்டது. இருநூறு வரை பொறுமையாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் ‘எல்லாவற்றுக்கும் ஓகே’ என்பதை அழுத்திவிட்டேன்.

அதில் இன்னொரு வசதியும் உண்டு. கடைக்குப் பின்னால்தான் வீடு. வீட்டு டிவியிலிருந்தும் ஜோஸ்லின் போனிலிருந்தும் லைப்ரரியைத் திறக்கலாம். எந்த ஃபைல் எத்தனை தடவை ஓடியது, எத்தனை மணிக்கு ஓடியது என்று அது கணக்கு வைத்திருக்கும். யாரும் கேட்காத பாட்டை ஒதுக்கி இடம் பிடிக்கத்தான் நான் அதைப் பார்ப்பேன். இந்த வருஷம் ஏப்ரலில் அப்படிப் பார்த்தபோது, அதிகம் ஓடிய பாட்டுகளில் முதலாவதாக ஒரு மாதா பாட்டு நின்றது. ‘அலைமேல் நின்றவளே’. எங்கள் ஹேடோ உபதேசியார் எழுதிய பாட்டு. ஆடியோ, இருநூற்று அறுபது தடவை. எல்லாம் ஒரே போனிலிருந்து, எல்லாம் மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள். அது நான் கடையில் இருக்கும் நேரம். பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சதுரத்தில் மார்ட்டின் முகம்.

மார்ட்டின் யார் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் பார்த்தது போட்டோவில்தான். ஐஸ் பிளான்ட்டில் மெக்கானிக். நாலு வருஷம் முன்பு ஹேடோவிலிருந்து மனைவி சுஜிதாவோடு இங்கே வந்தான். வயது முப்பத்தெட்டு. வந்த மறு மாதமே பாடற்குழு அவன் கைக்குப் போய்விட்டது. யாரும் கொடுக்கவில்லை, தானாகப் போனது. அந்த மாதா பாட்டை அவன் புதிதாகப் பாடி, கப்பல் ஜெட்டியில் நின்று ஒரு வீடியோ எடுத்து, அதை மட்டும் ஒரு பென்டிரைவில் என்னிடம் கொடுத்திருந்தான். நான் உரிய இடத்தில் வைத்தேன். பார்க்கவில்லை.

அவன் கெட்டவன் இல்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள். ஒரு தடவை கடைக்கு வந்து, “அண்ணே, நீங்க ஒரு காலத்துல படா பாடகராமே, அக்கா சொன்னாங்க. எனக்கும் ரெண்டு விஷயம் சொல்லிக்குடுங்கண்ணே” என்றான். மனதாரச் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அக்கா எதற்கு அவனிடம் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்?

ஏப்ரலிலிருந்து நான் அந்த எண்ணைத் தினமும் பார்த்தேன். காலையில் ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை. மூன்று மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் காதில் ஹெட்போனோடு படுத்திருப்பாள். இங்கே திரையில் எண் ஒன்று கூடும். பல்லிடுக்கில் முள் மாட்டினால் நாக்கு அங்கேயே போகுமே, அப்படி. அந்தப் பாட்டை ஒரு தடவை போட்டுக் கேட்டிருக்கலாம் என்பீர்கள். என் மனைவி சொக்கிக் கிடக்கிற இன்னொருத்தன் குரலை நான் எதற்குக் கேட்க வேண்டும்? பொறாமைதான் சார். வேறு நல்ல பெயர் எதுவும் தேட வேண்டாம், அப்படியே எழுதுங்கள்.

ஒரு நாள் அவளிடமே கேட்டேன். பின்வாசலில் சூரை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்த அலைமேல் பாட்டு உனக்கு அவ்வளவு பிடிக்குமா?”

கை நின்றுவிட்டது. “ஏன், கேட்டா குத்தமா?”

“குத்தம்னு யாரு சொன்னா.”

“கேட்டா மனசுக்கு இதமா இருக்கு. இப்பல்லாம் யாரு அப்படிப் பாடுறா. அவ்வளவுதான்.” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். “நீங்க இதெல்லாம் கவனிச்சிக்கிட்டா இருக்கீங்க?”

நாற்பத்தெட்டு வயதுக்காரி வெட்கப்பட்டுச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு அது. அவள் ஏதோ நான் சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். நான் கடைக்குப் போய்விட்டேன்.

இனி முதலை. ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வனத்துறைக் காவலர் கிருஷ்ணமூர்த்தி கடைக்கு வந்தார். அவர் நல்ல மனிதர். எண்ணெய்ப் பனைத் தோட்டத்துக்குப் பின்னால் ஓடுகிற ஓடை உங்களுக்குத் தெரியும், நாலா என்று சொல்வோம். அதுவரை பயமில்லாத இடம். பிள்ளைகள்கூடக் குளிப்பார்கள்.

“மத்தியாஸ் அண்ணே, நாலாவுல மகர்மச்சு ஏறி வந்திருக்கு. பெரிய உருப்படி. நேத்து ஒரு நாயக் கொண்டுபோயிடிச்சு. பலகை வச்சிட்டேன். இந்த நோட்டீஸை இருபது காப்பி போட்டு கடையில ஒட்டிடுங்க, வர்றவங்க கையிலயும் குடுங்க. சாரா ஊரும், ஒருத்தர் விடாம, உங்க கடைக்குத்தானே வருது.”

சரி என்று வாங்கி வைத்தேன். டோனர் தீர்ந்திருந்தது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். தீரவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜோஸ்லினின் எண்ணைப் பார்த்தேன். முந்நூற்றுப் பதினைந்து. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள், யாருக்கும் ஆபத்தில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாளை மேஜை இழுப்பறையில் போட்டேன்.

மார்ட்டின் அந்த வாரம் ஊரில் இல்லை. ஐஸ் பிளான்ட் மோட்டாருக்குப் பாகம் வாங்க ஹேடோ போயிருந்தான். சனிக்கிழமைக் கப்பலில் திரும்புவதாக இருந்தது. கோயில் திருவிழாவுக்கு அவன் புதிதாக ஒரு பாட்டுப் பதிவு செய்து வைத்திருந்தான், வீடியோ எடுக்க வேண்டியது பாக்கி. நான் போன் செய்து, தண்ணீரில் நின்று எடுத்தால் நன்றாக வரும், இடம் பார்த்துவிட்டேன், ஞாயிறு பூசை முடிந்ததும் போகலாம் என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். அத்தனை நாள் அவன் பாட்டைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு நானும் அவனும் மட்டும் போனோம். கரையில் இரண்டு கம்பம் மட்டும் நின்றது. அவன் அதைக் கவனித்தான்.

“என்னண்ணே, இங்க ஏதோ போர்டு இருந்த மாதிரி இருக்கே?”

“தோட்டத்துப் பழைய போர்டு. கம்பம் ஃப்ரேம்ல விழும், கொஞ்சம் தள்ளி நில்லு” என்றேன்.

இடுப்பளவு தண்ணீரில் நிற்கச் சொன்னேன். கரையில் ஸ்பீக்கர் வைத்து அவன் பாட்டை ஓடவிட்டேன். அவன் அதற்கு வாயசைக்க வேண்டும், நான் கேமராவில் எடுக்க வேண்டும். மூன்று டேக் எடுப்பது, ஒன்றும் நடக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது, அதன்பின் அவனைப் பற்றி நினைப்பதே இல்லை என்று முடிவு செய்திருந்தேன். கடவுள் கையில் விட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று டேக்கும் நன்றாக வந்தது. தண்ணீர் அசையவில்லை.

“டீக் ஹை அண்ணே? ஏறட்டுமா? ஒரே தண்டா” என்றான். குளிரில் உதடு நடுங்கியது.

“இன்னும் ஒண்ணு எடுத்துடலாம். ரெண்டடி பின்னால போ” என்றேன்.

நாலாவது டேக்கில் இரண்டாவது சரணம் வந்தபோது அவன் போய்விட்டான். கத்தக்கூட நேரமில்லை. பாட்டு மட்டும் நிற்கவில்லை. முந்தின மாதம் பதிவு செய்த அவன் குரல், சரணத்தை முடித்து, பல்லவியை இரண்டு தடவை பாடி, தானாக ஓய்ந்தது. நான் ஸ்பீக்கரை நிறுத்த மறந்திருந்தேன். கேமராவை அதற்குப் பிறகுதான் அணைத்தேன். ஆள் கூப்பிட ஓடியது அதற்கும் பிறகு.

இரண்டு நாள் கழித்து அலையாத்தி மரங்களுக்கு நடுவில் கிடைத்தான். பெட்டியை மூடியேதான் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். முப்பதாம் நாள் பூசைக்கு அவன் பாடியதெல்லாம் வேண்டும் என்று சுஜிதா கேட்டாள். ஜோஸ்லின்தான் அவளைக் கைத்தாங்கலாகக் கடைக்குக் கூட்டிவந்தாள். நாற்பத்தொரு பாட்டு, ஆடியோவும் வீடியோவுமாக வரிசைப்படுத்திக் கொடுத்தேன். சுஜிதா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “கடைசியா உங்ககூடத்தானே அண்ணே இருந்தாங்க, சந்தோஷமா இருந்தாங்களா?” என்று கேட்டாள். இருந்தான் என்றேன். அது பொய் இல்லை.

நீங்கள் நேற்றே கேட்டீர்கள், விபத்து என்று முடிந்துபோன விஷயத்துக்கு நானாக எதற்கு வந்தேன் என்று. கிருஷ்ணமூர்த்தியால் வந்தேன். வெறும் கம்பத்தை நட்டுவிட்டு, பலகையே வைக்காமல் வைத்ததாகச் சொல்கிறார் என்று அவரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவர் ஒவ்வொரு ஆளாகப் போய், வைத்தேன், என் கையால் நாலு போல்ட் முடுக்கினேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் நம்பவில்லை. மார்ட்டின் உங்கள் பதிவேட்டில் விபத்து என்ற இடத்தில் இருக்கிறான். கிருஷ்ணமூர்த்தி கடமை தவறியவர் என்ற இடத்தில் இருக்கிறார். இரண்டும் இருக்க வேண்டிய இடம் அது இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பலகை அதோ, உங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் சாக்கில் சுற்றியிருக்கிறது. நாலு போல்ட்டும் உள்ளே இருக்கின்றன. பென்டிரைவில் நாலு டேக்கும் இருக்கிறது.

இன்று காலை ஜோஸ்லினை அழைத்து விசாரித்தீர்கள். அவள் அழுதது இந்த அறை வரைக்கும் கேட்டது. பிறகு அவள் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். படிக்கும்போது உங்கள் குரலே இறங்கிவிட்டது.

“மார்ட்டின் தம்பி பாட்டுன்னு நெனச்சுத்தான் சார் மொத தடவை தொட்டேன். இவங்க குரல் வந்திச்சு. ஹேடோ கோயில்ல கேசட்டுல பிடிச்சது. ஆபரேஷனுக்கு அப்புறம் அந்தக் குரலை நான் கேக்கவே இல்ல. தன் பாட்டை வேற பேருல ஒளிச்சு வச்சிருக்காருன்னு நெனச்சேன். நான் கேக்குறது தெரிஞ்சா வருத்தப்படுவாங்கன்னுதான் அவங்க கடையில இருக்கும்போது கேட்டேன். ஒரு நாள் அவங்களே பேச்சை எடுத்தாங்க. அப்ப கண்டுபிடிச்சிட்டாங்கன்னு நெனச்சேன்.”

நடந்தது உங்களுக்குப் புரிந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்பு என் பழைய கேசட்டையெல்லாம் கேட்காமலே மொத்தமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதில் இந்தப் பாட்டும் இருந்தது. மார்ட்டின் வீடியோவும் அதே பெயர், மூன்று நொடிதான் நீளத்தில் வித்தியாசம். சாஃப்ட்வேர் இரண்டையும் ஜோடி சேர்த்து, என் குரலின் மேல் அவன் பெயரையும் முகத்தையும் ஒட்டியது. நான் ஓகே அழுத்தினேன். என் மனைவி முந்நூறு தடவைக்கு மேல் கேட்டது என்னைத்தான்.

நீங்கள் இரக்கப்பட்டு, ‘மனைவியைத் தவறாகச் சந்தேகித்து, உண்மை தெரியாத நிலையில் செய்த செயல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பரிதாபத்தைப் பார்த்ததில்லை என்றும் சொன்னீர்கள். டீ வரவழைத்துக் கொடுத்தீர்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த வரி தவறு. அதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம், மார்ட்டின் திரும்புவதற்கு முந்தின நாள், அவன் புது வீடியோவுக்கு ஃபோல்டர் தயார் செய்துகொண்டிருந்தேன். பழைய ஃபோல்டர் பக்கத்திலேயே இருந்தது. எண் முந்நூற்றுப் பதினெட்டு. எப்படியும் முடியப்போகிறது, ஒரு தடவை கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஹெட்போனை மாட்டினேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. தன் குரல் ஒருத்தனுக்குத் தெரியாமல் போகுமா?

உடனே ஜோடியைப் பிரித்தேன். அவன் பெயரையும் முகத்தையும் எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். முந்நூற்றுப் பதினெட்டும் என் பெயருக்கு வந்தது. அழுதேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஜோஸ்லின் டீ கொண்டுவந்தபோது அவள் கையைப் பிடித்தேன். “என்ன இது, கடையில வச்சிக்கிட்டு” என்று உதறிவிட்டுப் போனாள். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமானவன் இந்தத் தீவில் இல்லை. அரை மணி நேரம் அப்படி இருந்தேன்.

பிறகு, தனியாக நின்ற அவன் வீடியோவையும் ஒரு தடவை போட்டேன். மூன்று வருஷத்துக்கு மேலாக என்னிடம் இருந்தும் நான் பார்க்காத வீடியோ. மூன்றாவது வரி நீளமானது. என் கேசட்டில் நடுவே ஒரு மூச்சு வாங்கியிருப்பேன். என் நல்ல காலத்திலேயே அந்த வரிக்கு எனக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. அவன் ஒரே மூச்சில் பாடி, கடைசியில் சிரிக்கவும் செய்தான். கீழே அதன் எண் இருந்தது. இரண்டு. இரண்டும் ஜோஸ்லின் போனிலிருந்து.

ஒரு தடவை என்றால் எனக்குப் புரிகிறது, தெரிந்த பையன், எப்படிப் பாடியிருக்கிறான் என்று பார்த்திருப்பாள். இரண்டாவது தடவை எதற்கு? அதை நான் அவளிடம் கேட்கவில்லை. நீங்களும் இன்று காலை கேட்கவில்லை.

அதனால் அந்த வரியை அடித்துவிட்டுத் தேதியோடு எழுதுங்கள். என் மனைவி எனக்கு எந்தத் துரோகமும் செய்யவில்லை என்பது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே எனக்குத் தெரியும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நாலாவுக்குப் போனது சனிக்கிழமை மாலை.